முயல் பிடுங்கிய ஓரம்

குளக்கரையில் ஒரு முயல் காய்கறித் தோட்டம் போட்டிருந்தது. அதன் பெயர் தவிட்டாயி.

பயப்படாத முயல் எந்தக் காட்டிலும் கிடையாது. ஆனால் தவிட்டாயியின் பயம் தனி ரகம். வெயில் அடித்தால் செடி காய்ந்துபோகுமே என்று பயம். மேகம் திரண்டால் செடி அழுகிப்போகுமே என்று பயம். வெயிலும் இல்லை, மேகமும் இல்லை என்றால், "என்ன இது, வானம் இப்படிச் சும்மா இருக்கு? ஏதோ வரப்போகுது!" என்று அதற்கும் ஒரு பயம். இப்படியும் ஒரு பிறவி!

சிரித்துவிடாதீர்கள். அது பயந்ததற்குக் காரணம் இருந்தது. போன கோடையில் தவிட்டாயி பாறைக்காட்டில் குடியிருந்தது. அங்கே புல் பூண்டு எல்லாம் கருகிப்போயிற்று. இரை தேடி அது தூரமாகப் போன நேரத்தில், நரி வந்து வளையைத் தோண்டியது. திரும்பி வந்தபோது வளையில் ஒரு குட்டிகூட இல்லை. அன்றைக்குப் பிடித்த நடுக்கம், அப்புறம் அதை விடவே இல்லை.

மறுபடி வயிற்றில் குட்டி தங்கியதும், தவிட்டாயி நேராகச் சந்தைக் கரடியிடம் போனது. காட்டுச் சந்தையை நடத்துவது அந்தக் கரடிதான். குளக்கரை நிலத்தை யார் உழுவது என்று சொல்வதும் அதுதான்.

"அந்த நிலத்தை எனக்குக் குடுங்கய்யா! அங்க கோடையிலயும் ஈரம் இருக்கு. சுத்தி ஆள் நடமாட்டம் இருக்கிறதால நரியும் வராது. நான் காய் போட்டுச் சந்தைக்குக் கொண்டுவர்றேன்."

கரடி தாடையைச் சொறிந்தது. "குடுக்கிறேன். ஆனா ரெண்டு விஷயம். அந்தக் குளத்துத் தண்ணியைக் காடே குடிக்குது. அதனால செடிக்கு விஷ மருந்து எதுவும் போடக்கூடாது. இலையில ஓட்டை இருந்தா நான் பொறுத்துக்குவேன், தண்ணியில விஷம் இருந்தா பொறுக்க மாட்டேன்."

"சரிங்கய்யா. இன்னொண்ணு?"

"புரட்டாசி, கார்த்திகை, தை. மூணு சந்தைக்கும் கூடை நிறைய வரணும். தையில கூடை குறைஞ்சா நிலம் கைமாறிடும். உனக்கு அடுத்து மயில் கேட்டு வச்சிருக்கு."

தவிட்டாயிக்கு அப்போதே காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. ஆனாலும் தலையாட்டியது. வேறு போக்கிடம் ஏது?

ஆடி பிறந்தது. முதல் தூறலில் மண் இளகியது. தவிட்டாயி பாத்தி பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பொறிவண்டு வந்து அதன் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. பொறிவண்டைப் பார்த்திருப்பீர்கள். மிளகாய் விதை அளவுதான் இருக்கும். சிவப்பு முதுகு, அதில் கறுப்புப் புள்ளிகள். இதன் பெயர் பொட்டம்மா.

"என்னக்கா விதைக்கப் போற?" என்று கேட்டது பொட்டம்மா.

"கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய். நடுவுல பந்தல் போட்டு அவரை. தைச் சந்தைக்கு அவரையைத்தான் நம்பியிருக்கேன்."

"அவரைன்னா அசுவினி வருமே!"

"ஐயையோ!" என்று தவிட்டாயி அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அசுவினி என்பது ஒரு பொடிப்பூச்சி. கறுப்பாக இருக்கும். கூட்டமாக வந்து தளிரில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். தளிர் சுருண்டுபோகும். பூ கருகும். பிஞ்சு பிடிக்கவே பிடிக்காது.

"எழுந்திரிக்கா. வர்றதுக்கு முன்னாடியே விழுந்தா எப்படி? நான் சொல்றதைக் கேளு. தோட்டத்தைச் சுத்தி ஓரம் பூரா தட்டைப்பயறு விதை. அசுவினிக்கு அவரையைக் காட்டிலும் அதுதான் ருசி. முதல்ல அங்கதான் வந்து விழும். நாங்க பந்தியில உக்காந்த மாதிரி உக்காந்து தின்னு தீத்துருவோம். உன் அவரைப் பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காது."

"அப்ப அந்தத் தட்டைப்பயறு?"

"அது உனக்கு இல்ல. அது பூச்சிக்கு. பூச்சி எங்களுக்கு. அந்த ஓரம் எங்க வீடு. எங்க பிள்ளைங்க அங்கதான் பொறக்கும், வளரும். நீ அதுல கை வைக்கவே கூடாது. சம்மதமா?"

"கை வைக்க மாட்டேன்! என் குட்டிங்க மேல சத்தியம்!" என்று தவிட்டாயி வயிற்றைத் தொட்டுச் சொன்னது.

சத்தியம் செய்ததே தவிர, பொறிவண்டின் பிள்ளைகள் பார்க்க எப்படி இருக்கும் என்று அது கேட்கவில்லை. அம்மாவைப் போலவே சிவப்பாக, புள்ளி வைத்து, உருண்டையாக இருக்கும் என்று அதுவாகவே நினைத்துக்கொண்டது.

தோட்டத்துக்கு இன்னொரு துணையும் வந்து சேர்ந்தது. கல்லப்பன் என்ற தேரை. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்து ஈரமண்ணில் குழி பறித்துக்கொண்டு குடியேறியது. பொழுது சாய்ந்தால் வெளியே வந்து செடிகளுக்கு அடியில் புழு பூச்சி பிடிக்கும். பகலெல்லாம் தூக்கம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன்க்கா. பகல்ல என்னை எழுப்பாத. எழுப்பினா எனக்குக் கோவம் வரும்" என்று வந்த அன்றைக்கே சொல்லிவிட்டது.

செடிகள் வளர்ந்தன. ஓரத்துத் தட்டைப்பயறும் கொடி விட்டுப் பின்னிக்கொண்டு, அடர்த்தியாக நின்றது. புரட்டாசிச் சந்தைக்குத் தவிட்டாயி கீரை கொண்டுபோனது. கூடை நிறையத்தான் இருந்தது. ஆனால் இலைக்கு இலை ஓட்டை. யாராவது வாங்குவார்களா என்று பயந்து, ஓட்டை சின்னதாக இருந்த இலைகளை மேலே எடுத்து அடுக்கியது.

சந்தைக்கு நீலமேகம் வந்தது. நீலமேகம்தான் அந்த மயில். குளக்கரை நிலத்துக்கு அடுத்து வரிசையில் நிற்கிறது என்று கரடி சொன்னதே, அதே மயில்.

"அடடே! தவிட்டம்மா, இது கீரையா, சல்லடையா?" என்று கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தது.

பக்கத்தில் ஒரு பெண் மான் தன் குட்டியோடு நின்றிருந்தது. "ஓட்டை போட்ட பூச்சி உசிரோடதானே இருக்கு? அப்ப இதைத் தின்னா என் குட்டியும் உசிரோட இருக்கும். கூடையோட குடும்மா!" என்றது.

கரடி தலையாட்டியது. முதல் சந்தை முடிந்தது.

ஐப்பசியில் தவிட்டாயிக்குக் குட்டிகள் பிறந்தன. மழையும் கூடவே பிறந்தது. அடேயப்பா, என்ன மழை! பாத்திகளில் தண்ணீர் தேங்கியது. கத்தரிச் செடிகளின் வேர் அழுகியது. தவிட்டாயி ஒரு கண்ணால் வளையைப் பார்க்கும், மறு கண்ணால் பாத்தியைப் பார்க்கும். வாய்க்கால் வெட்டி வெட்டி அதன் முன்னங்கால் நகம் தேய்ந்துபோனது. எப்படியோ, மழைக்குத் தப்பிய வெண்டையையும் கத்தரியையும் பொறுக்கி எடுத்து, கார்த்திகைக் கூடையை நிரப்பிவிட்டது.

இனி மிச்சம் இருந்தது தைச் சந்தை ஒன்றுதான்.

மார்கழி வந்தது. பந்தல் முழுக்க அவரை பூத்தது. ஊதாப் பூ, கொத்துக் கொத்தாக! வேறு யாராவது என்றால் பார்த்துச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தவிட்டாயி அதைப் பார்த்து, "இவ்வளவு பூத்திருக்கே, இவ்வளவும் போச்சுன்னா?" என்று நினைத்தது.

அந்தச் சமயத்தில் வானம் மூட்டம் போட்டது. வெயில் முகமே காணோம். ஒருநாள் காலை தவிட்டாயி ஓரத்தைச் சுற்றி வந்தபோது, தட்டைப்பயற்றின் தளிர் எல்லாம் கறுப்பாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தது. அத்தனையும் அசுவினி! தண்டு தெரியவில்லை, பிஞ்சு தெரியவில்லை. ஒரே அசுவினி மயம்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று தவிட்டாயி நின்ற இடத்திலேயே குதித்தது. பிறகு பொட்டம்மா சொன்னது ஞாபகம் வந்தது. முதலில் இங்கேதான் வரும் என்று சொன்னதே. சரி, சரி. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டது.

ஆனால் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே வேறு ஏதோ ஊர்ந்தது. கறுப்பாக, நீளமாக, உடம்பெல்லாம் முள் முள்ளாக, முதுகில் ஆரஞ்சுத் திட்டு வைத்த புழு. ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஒவ்வொரு கொடியிலும் இருந்தது. அப்படி ஒரு விகாரமான புழுவைத் தவிட்டாயி வாழ்நாளில் பார்த்ததில்லை.

"என்ன தவிட்டம்மா, முகம் வெளுத்துப்போச்சு?"

ஓரத்துக்கு அந்தப் பக்கம் நீலமேகம் நின்றுகொண்டிருந்தது.

இந்த மயிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அதற்குத் தோட்டத்து மிளகாய் மேலும் கத்தரிப் பிஞ்சு மேலும் உயிர். ஆனால் உள்ளே நுழைய முடியவில்லை. காரணம், அந்தத் தட்டைப்பயறு. பின்னிக் கிடந்த கொடியில் கால் வைத்தால் தோகை சிக்கியது. பறந்து வரலாமே என்று கேட்பீர்கள். அதையும் ஒருதடவை செய்து பார்த்தது. இறங்கிய இடத்தில் கொடி மாட்டியது. அதற்குத் தோகை புதிதாக முளைத்துக்கொண்டிருந்த நேரம் அது. முளைக்கிற இறகு இழுபட்டால் சாதாரண வலியா? இரண்டு இறகைப் பறிகொடுத்துவிட்டு, குய்யோ முய்யோ என்று கத்திக்கொண்டு ஓடியது. அன்றிலிருந்து அந்த ஓரத்தின் மேல் அதற்கு ஒரு கடுப்பு.

"நீலமேகண்ணே, இதைப் பாருங்களேன்! இது என்ன புழு?" என்றது தவிட்டாயி.

மயில் கழுத்தை நீட்டிப் பார்த்தது. அது என்ன என்று மயிலுக்கு நன்றாகத் தெரியும். காட்டில் அது தின்னாத பூச்சி ஏது?

"ஐயோ பாவமே! இது வந்துடுச்சா உனக்கு?"

"எது? எது வந்துடுச்சு?"

"நான் எதுக்கு அதைச் சொல்லணும்? உன் தோட்டம், உன் பாடு."

"அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்!"

"வளையில குட்டிங்க இருக்கேன்னு மனசு கேக்காம சொல்றேன். இன்னைக்கு ஓரத்துல இருக்கு. நாளைக்குப் பந்தல்ல இருக்கும். மறுநாள் பூ ஒண்ணு மிஞ்சாது. எல்லாத்தையும் வேரோட பிடுங்கிக் குழியில போட்டுரு. இப்பவே! சாயங்காலம்னா லேட்டு!"

"ஆனா பொட்டம்மாகிட்ட நான் சத்தியம் பண்ணியிருக்கேனே..."

"பொட்டம்மா எங்க? கூப்பிடு பாப்போம்!"

தவிட்டாயி சுற்றுமுற்றும் பார்த்தது. பொட்டம்மாவைக் காணோம். அது இங்கே முட்டை வைத்து முடித்துவிட்டு, அக்கரையிலும் வைக்கப் பறந்து போயிருந்தது. தவிட்டாயி தொட்டிப் பக்கம் ஓடி மண்ணைத் தட்டியது.

"கல்லப்பா! கல்லப்பா! ஓரத்துல புழு!"

"புழு இருந்தா என்ன, நான் சாயங்காலம் வந்து பாக்குறேன். பகல்ல எழுப்பாதன்னு சொன்னேன்ல!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அடுத்த நிமிஷம் குறட்டை.

சாயங்காலம் வரை பொறுத்திருக்கலாம். ஆனால் பொறுக்க முடிந்தால் அது தவிட்டாயி இல்லையே! அதன் கண்ணுக்கு முன்னால் பாறைக்காட்டு வளை வந்தது. தோண்டிக் கிடந்த மண் வந்தது. காலியாக இருந்த படுக்கை வந்தது. "போனதடவை நான் தூரமா இருந்தேன். இந்தத்தடவை பாத்துக்கிட்டே சும்மா இருக்கவா?" என்று அது பல்லைக் கடித்தது.

பிடுங்கியது. வேரோடு பிடுங்கியது. வாயால் கவ்வி, காலால் உதைத்து, மூச்சு வாங்க வாங்கப் பிடுங்கியது. பிடுங்கிய கொடிகளை எல்லாம் இழுத்துப்போய்க் குப்பைக்குழியில் தள்ளி மிதித்தது. பொழுது சாய்வதற்குள் தோட்டத்தைச் சுற்றி வெறும் மண் தெரிந்தது.

"அப்பாடா!" என்று தவிட்டாயி காலை நீட்டிப் படுத்தது. வந்த நாளிலிருந்து அது அப்படிப் படுத்ததே இல்லை.

அந்தச் சுகம் எவ்வளவு நேரம்? இருட்டும் முன் கல்லப்பன் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தது. இடதுபக்கம் பார்த்தது. வலதுபக்கம் பார்த்தது.

"அக்கா... ஓரம் எங்க?"

"பிடுங்கிட்டேன்! பூரா புழு, கல்லப்பா. முள்ளு முள்ளா, கறுப்பா."

"முதுகுல ஆரஞ்சு கலர்ல திட்டு இருந்துச்சா?"

"ஆமா! உனக்கும் தெரியுமா?"

கல்லப்பன் "நான் எழுந்து வந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தன் குழிக்குள் இறங்கிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் நீலமேகம் தோட்டத்துக்குள் ஒய்யாரமாக நடந்து வந்தது. தோகை எதிலும் சிக்கவில்லை. "ஆஹா, இப்பதான் தோட்டம் லட்சணமா இருக்கு!" என்று சொல்லிக்கொண்டே மிளகாயைக் கொத்தியது. கத்தரிப் பிஞ்சைக் கொத்தியது. தவிட்டாயி விரட்டினால் நாலடி தள்ளிப் போய்க் கொத்தியது.

அது போதாது என்று எறும்புகள் வேறு வந்தன. எறும்புக்கு அசுவினி என்றால் கறவை மாடு மாதிரி. அது கக்கும் இனிப்புத் தண்ணீரை எறும்பு குடிக்கும். "தட்டைப்பயறு போச்சு, மாட்டையெல்லாம் வேற கொட்டகைக்கு மாத்து!" என்று வரிசையாக வந்து, மண்ணில் உதிர்ந்து கிடந்த அசுவினியை எல்லாம் வாயில் தூக்கிக்கொண்டு பந்தல் காலில் ஏறின.

தவிட்டாயி அண்ணாந்து பார்த்தது. ஒரு பூங்கொத்து கறுத்திருந்தது. சிறிது நேரம் கழித்து அதற்குப் பக்கத்துக் கொத்தும் கறுத்தது. வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தது. சாம்பலைத் தூவியது. பனி பெய்து எல்லாம் கழுவிக்கொண்டு போயிற்று. கூட்டம் குறைவதாகத் தெரியவில்லை. தவிட்டாயி சாப்பிடவில்லை. குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனாலும் பாதியில் எழுந்து ஓடி வந்து பந்தலைப் பார்த்தது.

அப்போதுதான் பொட்டம்மா திரும்பி வந்தது.

வழக்கமாக இறங்கும் இடத்தில் இறங்கப் பார்த்தது. அங்கே கொடி இல்லை. மண்ணில் இறங்கியது. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நடந்தது.

"என் பிள்ளைங்க எங்கக்கா?"

"பொட்டம்மா, நீ வந்தியே! ஓரத்துல ஒரே புழு. முள்ளு முள்ளா, விகாரமா..."

"விகாரமாவா?" என்றது பொட்டம்மா. "எல்லாப் பொறிவண்டும் சின்ன வயசுல அப்படித்தான் இருக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். பெரியவங்களைவிட அதுங்கதான் அசுவினியை அதிகமாத் தின்னும். நீ புழுன்னு பிடுங்கிப் போட்டியே, அது என் பிள்ளைங்கக்கா!"

தவிட்டாயிக்குக் காது அடைத்துப்போயிற்று.

"உன் பிள்ளைக்காக என் பிள்ளையைக் கொன்னுட்டியே! குட்டிங்க மேல சத்தியம்னு சொன்னியே! யார் குட்டிங்க மேலன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று பொட்டம்மா கதறியது.

தவிட்டாயி திடீரென்று திரும்பிக் குப்பைக்குழிக்கு ஓடியது. அங்கே வதங்கிய கொடிகள் குவிந்து கிடந்தன. மேலே கிடந்ததை விலக்கியது. கீழே தோண்டியது. மிதித்த இடத்தில் நசுங்கிச் செத்த பிள்ளைகள் கிடந்தன. அவற்றைத் தாண்டியும் தோண்டியது. அடியில், ஈரமான இலைகளுக்கு நடுவே, முள் முள்ளாக ஏதோ அசைந்தது.

"உசிரு இருக்கு! பொட்டம்மா, உசிரு இருக்கு!"

"மெதுவா! பல்லு படாம எடு!" என்று பொட்டம்மா மேலே பறந்தபடி கத்தியது.

இலையோடு சேர்த்து வாயில் கவ்வித் தவிட்டாயி பந்தலுக்கு நடந்தது. ஓடவில்லை. பதறினால் பல் அழுந்தும் என்று நடந்தது. பந்தல் கொடியில் இலையை வைத்துவிட்டு மறுபடி குழிக்கு வந்தது. வந்து வந்து போயிற்று. கல்லப்பன் பகல் என்றும் பார்க்காமல் எழுந்து வந்து, எறும்பு வரிசையைப் பந்தல் காலிலேயே மறித்து நக்கியது.

பிழைத்தவை கொஞ்சம்தான். ஆனால் பசியோடு இருந்தன. பந்தலில் விட்டதும் அசுவினியைத் தின்னத் தொடங்கின. நாளாக ஆக, கறுப்பாக இருந்த கொத்துகளில் சில மறுபடி ஊதாவாகத் தெரிந்தன. கருகிய பூ கருகியதுதான். மிஞ்சிய பூவில் பிஞ்சு பிடித்தது.

தைச் சந்தை நாள் வந்தது. தவிட்டாயி தேடித் தேடிப் பறித்தது. எப்படிக் குலுக்கி வைத்தாலும் அவரைக்காய் பாதிக் கூடைக்கு மேல் ஏறவில்லை.

கரடி கூடைக்குள் எட்டிப் பார்த்தது. பெருமூச்சு விட்டது. "பாதிதான் இருக்கு, தவிட்டாயி."

"நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் இந்த அம்மாவுக்கு ஆகாதுன்னு! நிலத்தை எங்கிட்ட விடுங்க. ஓரம், கொடி, குப்பைன்னு ஒண்ணும் இல்லாம பளிச்சுன்னு வச்சுக்குவேன்" என்று நீலமேகம் முன்னால் வந்தது.

"என்ன நடந்துச்சு?" என்று கரடி தவிட்டாயியைப் பார்த்துக் கேட்டது.

தவிட்டாயி எல்லாவற்றையும் சொன்னது. "மயில் பிடுங்கச் சொல்லுச்சு. ஆனா பிடுங்குனது நான்தான். மயில் என் காலைப் பிடிச்சு இழுக்கலை. எனக்குப் பயம் வந்துச்சு, நான் பிடுங்கிட்டேன்."

குட்டிகளோடு மறுபடி பாறைக்காட்டுக்கா என்று நினைத்ததும் தவிட்டாயிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

கரடி சொன்னது: "கூடை குறைஞ்சா நிலம் போகணும். ஆனா ஒரு வழி உண்டு. யாராவது ஜாமீன் நின்னா இன்னொரு ஆடியில இருந்து தை வரைக்கும் விட்டுப் பாக்கலாம்."

"நான் நிக்கிறேன்!" என்று கல்லப்பன் துள்ளியது.

"நீ நின்னா செல்லாது. இந்தச் சந்தையில, யாருக்கு நஷ்டமோ அவங்கதான் ஜாமீன் நிக்க முடியும்."

எல்லோரும் கூடையின் விளிம்பைப் பார்த்தார்கள். அங்கே பொட்டம்மா உட்கார்ந்திருந்தது. அது எதற்காகச் சந்தைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

தவிட்டாயி அதன் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

"எனக்கு இவ மேல இருக்கிற கோபம் தீரல. தீரும்னும் தோணல" என்றது பொட்டம்மா. "ஆனா மிச்சம் இருக்கிற என் பிள்ளைங்க அந்தப் பந்தல்லதான் இருக்கு. மயில் வந்தா அதுவும் மிஞ்சாது. ஜாமீன் நிக்கிறேன். ஆடியில முதல் விதையா ஓரத்தை விதைக்கட்டும். இன்னொருதடவை கை வச்சா, நானே வந்து சொல்றேன்."

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு போயிற்று.

கோடை வந்தது. குளம் வற்றி நடுவுக்குப் போயிற்று. தவிட்டாயி காய்ந்த சருகை எல்லாம் இழுத்துவந்து பாத்தியை மூடி ஈரத்தைக் காப்பாற்றியது. குட்டிகள் வளர்ந்தன. ஆடி பிறந்ததும் தனக்கென்று ஒரு விதைகூடப் போடுவதற்கு முன், ஓரம் முழுக்கத் தட்டைப்பயறு விதைத்தது. பொட்டம்மா வந்தது, முட்டை வைத்தது, போயிற்று. தவிட்டாயியோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மழையைத் தாண்டி மறுபடி மார்கழி. மறுபடி மூட்டம். ஒருநாள் காலை, ஓரமெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"அம்மா! பூச்சிம்மா! முள்ளு முள்ளாப் புழு வேற! பிடுங்கும்மா!" என்று குட்டிகள் அலறின.

"அடப் பாவமே, இந்த வருஷமும் வந்துடுச்சா?" என்று தூரத்து மேட்டிலிருந்து நீலமேகம் குரல் கொடுத்தது.

தவிட்டாயியின் கண்ணுக்கு முன்னால் பழைய வளை வந்தது. முன்னங்கால்கள் தாமாகவே கொடியை நோக்கி நீண்டன. அது சட்டென்று அவற்றை மடக்கி, தன் வயிற்றுக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டது. உடம்பு முழுக்க நடுங்கியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"ஏம்மா சும்மா உக்காந்திருக்க?" என்று குட்டிகள் கேட்டன.

"அது பொட்டம்மா வீட்டுப் பிள்ளைங்க. சாப்பிடுதுங்க. தொந்தரவு பண்ணாதீங்க" என்றது தவிட்டாயி.

அதன் காது நுனியில் ஏதோ வந்து உட்கார்ந்தது. மிளகாய் விதை அளவு.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டது பொட்டம்மா.

"ரொம்பப் பயமா இருக்கு."

"இருக்கட்டும். எழுந்திரிக்காத."

தவிட்டாயி எழுந்திருக்கவில்லை. அந்தத் தையில் கூடை நிறைந்தது.

பயம் வருவது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் பயந்த நேரத்தில் அவசரமாக நீளும் கை, நம்மைக் காப்பவர்களைத்தான் முதலில் அழிக்கும்.